கண்டக்டர் அக்கா கேட்ட கேள்வி

அவசரப் பிரிவு என்று வாசலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தால் அவசரக்காரர்கள்தான் வருவார்கள் என்று நினைப்போம். அந்த நோய்க் காலத்தில் ஊரே அங்கே வந்தது. நோய் இல்லை என்று ஆபீஸில் பேப்பர் கேட்டார்கள் என்று ஒருவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது என்று இன்னொருவர், காலையில் இரண்டு தும்மல் போட்டேன் என்று மூன்றாமவர். எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தாக வேண்டும், அதுவும் இப்போதே. நிஜமாகவே மூச்சுக்குத் தவிக்கிறவர் இந்தக் கூட்டத்தின் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்பார். என்ன அநியாயம் பாருங்கள், சத்தம் போடத் தெம்பு உள்ளவனுக்குத்தான் முதல் இடம் கிடைத்தது.

அந்த வாசலுக்குக் காவலாக வந்தவர்தான் கண்டக்டர் அக்கா. பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். பஸ்ஸெல்லாம் நின்றுபோனதும், ஆஸ்பத்திரி வாசலுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட, அக்கா போய் நின்றார். "இத்தனை வருஷம் உள்ள போங்க, உள்ள போங்கன்னு கத்தினேன். இப்ப வெளிய நில்லுங்க, வெளிய நில்லுங்கன்னு கத்துறேன். தொண்டை அதேதான்" என்பார்.

கூட்டத்தைப் பிரித்து அனுப்புவதுதான் அவர் வேலை. சும்மா பரிசோதனைக்கு வந்தவர்கள் கட்டடத்துக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தில் போட்டிருந்த கொட்டகைக்குப் போக வேண்டும். முடியாதவர்கள் நேரே உள்ளே, நர்ஸிடம். யார் எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதி முகம் மாஸ்க்குக்குள். கேட்டால், நன்றாக இருக்கிறவர் "உயிரே போகுதுங்க" என்பார். உயிர் போகிறவர் "லேசான காய்ச்சல்தான்" என்பார். இரண்டு நாள் இப்படி அல்லாடிவிட்டு, மூன்றாம் நாள் அக்கா ஒரு வழி கண்டார்.

"உங்க வீட்டுலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாப் எல்லாத்தையும் வரிசையா சொல்லுங்க. ஒரே மூச்சுல."

எல்லா ரூட்டும் அவருக்கு அத்துப்படி. ஒன்றை விட்டாலும் தெரியும், மாற்றிச் சொன்னாலும் தெரியும். தபால் ஆபீஸ், பழைய சந்தை, தண்ணி டேங்க், மேம்பாலம் என்று கடகடவென ஒப்பித்தவர் கொட்டகைக்கு. இரண்டு ஸ்டாப்புக்கு நடுவே மூச்சு வாங்கியவர் உள்ளே. தலைமை நர்ஸ் முதலில் சிரித்தார். ஒரு வாரம் கவனித்தபின், மற்ற ஷிப்ட் காவலர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். வீட்டில் மகள்தான் கிண்டலை விடவில்லை. "அப்பா, பசிக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அடுப்படி வரைக்கும் ஸ்டாப் கேப்பாங்க" என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். "இவருக்குத்தாங்க டெஸ்ட் எடுக்கணும். நாலு நாளா காய்ச்சல். கடை திறக்கணும்னா பேப்பர் வேணுமாம்" என்றார் மனைவி. அக்கா ஸ்டாப் கேட்டார். கேள்வி முடிவதற்குள் அந்த அம்மா பதினோரு ஸ்டாப்பையும் கொட்டிவிட்டார். போன வருஷம் புதிதாகப் போட்ட ஸ்கூல் ஸ்டாப்பைக்கூட விடவில்லை. அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்கீங்க, கொட்டகைக்குப் போங்க" என்று கையைக் காட்டினார். தையல்காரர் தலையை ஆட்டிவிட்டு மனைவியின் பின்னால் போனார்.

அரைமணி நேரம் கழித்து வேறொரு ஜோடி. இங்கே புருஷன் ஸ்டாப் சொல்ல ஆரம்பிக்க, மனைவி அவர் கையைத் தட்டி நிறுத்தினார். "என்னைத்தானே... கேட்டாங்க? மூச்சு... எனக்குத்தானே வாங்குது?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. முதலில் அந்தப் பெண்ணை உள்ளே அனுப்பினார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார். அந்தத் தையல்காரர் வாயே திறக்கவில்லையே! நோயாளி அவர்; ஒப்பித்தது மனைவி. டிக்கெட் ஒருவருக்கு, பயணம் இன்னொருவருக்கு. பத்தொன்பது வருஷத்தில் இப்படிக் கோட்டை விட்டதில்லை.

வாசலை விட்டு ஒரு அடி நகர்ந்தால் மறுநாள் வரவே வேண்டாம் என்று இரண்டு நாள் முன்புதான் சூப்பர்வைசர் எச்சரித்திருந்தார். அக்கா யோசிக்கவில்லை. வரிசையில் முதலில் நின்ற ஆறடி மனிதரிடம் வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைக் கொடுத்தார். "அண்ணே, மூச்சு வாங்குறவங்க வந்தா மட்டும் உள்ள விடுங்க. மத்தபடி நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் நுழையக் கூடாது." சொல்லிவிட்டு ஓட்டமெடுத்தார்.

கொட்டகைக்கு வெளியே இருநூறு பேர் வெயிலில் நின்றார்கள். நடுவில் தையல்காரரின் மனைவி. தையல்காரர் சுவரோரம் கொஞ்சம் நிழலில், தலை தொங்க உட்கார்ந்திருந்தார்.

"எழுப்பாதீங்க. நேத்து முழுக்கத் தூங்கல. இப்பதான் அசந்திருக்காரு" என்றார் மனைவி.

அக்கா அவர் முன்னால் குந்தி, தோளைத் தட்டினார். "அய்யா, என்னைப் பாருங்க. ஸ்டாப் சொல்லுங்க."

"அதான் அப்பவே சொன்னேனே, தபால் ஆபீஸ், பழைய..."

"நீங்க பேசாதீங்கம்மா" என்று அக்கா அதட்டினார்.

தையல்காரர் கண்ணைத் திறந்தார். "தபா..." என்றார். தோள் இரண்டு தடவை தூக்கிப் போட்டது. மீதி வரவில்லை. நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

சக்கர நாற்காலி எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அந்தப் பழைய பஸ் குரலில் கத்திக்கொண்டே தள்ளினார். கூட்டம் தன்னால் பிளந்தது. நர்ஸ் அவர் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினார். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு. "இன்னும் அரைமணி நேரம் அங்கயே உக்காந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் நர்ஸ்.

சூப்பர்வைசர் கொதித்துக்கொண்டு வந்தார். ஆறடி அண்ணன் கயிற்றைத் தூக்க மறுத்து, அவரையே கால் மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டாராம். நர்ஸ் நடந்ததைச் சொன்னதும் சூடு தணிந்தது. நோட்டைத் திறந்து, காவலரின் விழிப்பால் ஓர் உயிர் தப்பியது என்று எழுத ஆரம்பித்தார்.

"அதோட இதையும் எழுதுங்க சார்" என்றார் அக்கா. "அவரை முதல்ல தப்பான இடத்துக்கு அனுப்பினதே நான்தான். அவர்கிட்ட கேக்க வேண்டியதை அவர் சம்சாரத்துகிட்ட கேட்டேன்."

"யாருக்கும் தெரியாதேம்மா. எழுதினா உங்க வேலைக்கே உலை."

"எழுதலன்னா, சாயங்கால ஷிப்ட்டுக்கு வர்றவரும் இதையேதான் பண்ணுவாரு. நான்தானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

சூப்பர்வைசர் வெகுநேரம் பேனாவை உருட்டினார். கடைசியில் இரண்டையுமே எழுதினார். மறுநாள் வாசலில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது: நோயாளி மட்டுமே பதில் சொல்ல வேண்டும். அக்காவை யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்திருந்தாலும் எழுதத்தான் சொல்லியிருப்பார், அந்தப் பிறவி அப்படி.

நோட்டில் எழுதச் சொன்னதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. தையல்காரரின் மனைவி வெளி பெஞ்சில் உட்கார்ந்து, தெய்வம்போல வந்தீங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அந்தக் கைகளைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்று, தன் தவறை ஒளிக்காமல் சொன்னார்.

அந்த அம்மா கோபப்படுவார் என்றுதான் அக்கா எதிர்பார்த்தார். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவர் வாயில குண்டூசி வச்சுக்கிட்டே தைப்பாரு. கடைக்கு யார் வந்தாலும் நான்தான் பதில் சொல்லணும். முப்பது வருஷமாச்சு. அப்புறம் குண்டூசி இல்லாதப்பவும் நானே பேச ஆரம்பிச்சுட்டேன்."

அதற்கப்புறம் எட்டு நாளும் அவர் அதே பெஞ்சுக்கு வந்தார். உள்ளே விட அனுமதி இல்லை. தினமும் காலையில் அக்கா நர்ஸிடம் கேட்டுவந்து சொல்வார்: நேற்றுப்போலத்தான், இன்று ஆக்சிஜன் ஒரு புள்ளி ஏறியிருக்கிறது, இன்று இரண்டு. ஒன்பதாம் நாள் நர்ஸ் உள்ளேயிருந்து அக்காவின் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டார்; அக்கா போனை அந்த அம்மாவிடம் நீட்டினார். திரையில் தையல்காரர் முகம். பாதியை ஆக்சிஜன் மாஸ்க் மறைத்திருந்தது.

மனைவி வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார்.

"கடை..." என்றார் அவர். மூச்சு வாங்கினார். மனைவிக்கு உதடு துடித்தது. அவர் என்ன கேட்க வருகிறார் என்பது தெரியாதா? இருந்தும் பேசவில்லை. "கடை சாவி..." மறுபடி மூச்சு. "இருக்கட்டும். நீ..." இன்னொரு மூச்சு. "சாப்பிட்டியா?"

அந்தக் கேள்வி முழுக்க வந்து சேரும்வரை மனைவி காத்திருந்தார். அப்புறம்தான், "சாப்பிட்டேன்" என்றார்.