மூன்று நாள் பாடகி

அன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். சித்தி போனில் அழைத்தார். "ஒங்க அம்மா பூப்பறிச்சுட்டு வந்து செத்த நேரம் படுக்கிறேன்னாக. எந்திரிக்கவே இல்லடி. கெளம்பி வா." புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கீரமங்கலம் பஸ் ஏறுவதற்குள், நம் கோயில் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் அம்மாவின் படத்தோடு போஸ்டர் வந்துவிட்டது. 'நம் ஆலயத்தின் இசைக்குயில் செபமாலை அம்மாள் இறைவனில் இளைப்பாறினார்.' எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

முப்பதாம் நாள் பூசையில் வாசிக்க அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி கோயில் உபதேசியார் கேட்டிருக்கிறார். நாலு வரியில் அடங்காது. நல்லதாகவும் இருக்காது.

அப்பா தவறியபோது எனக்கு இரண்டு வயது. அடுத்தவர் தோட்டத்தில் மல்லிகையும் கனகாம்பரமும் பறித்து என்னை டீச்சராக்கியவர் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புதுப் பாட்டு வந்தால் நான் வாசிக்க வேண்டும். இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை நான் தப்பாக வாசித்தால் திருத்துவார். எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் முதல் அடியை அவர் எடுத்தால் கோயில் மொத்தமும் பின்னால் வரும். அப்படித்தான் இருபது வருஷத்துக்கு மேல் நீங்கள் எல்லோரும் பாடினீர்கள்.

நான் புதுக்கோட்டை ஹாஸ்டலில் இருந்து படித்தபோது, ஞாயிறு பூசை முடிந்த கையோடு தூக்குவாளியில் மீன்குழம்போடு பஸ் ஏறுவார். ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடிக்கொண்டே வருவார். கண்டக்டர் பஸ்ஸில் ஓடும் பாட்டை நிறுத்திவிட்டு, "நீங்க பாடுங்கம்மா" என்பாராம். ஒருமுறை நானும் அவரோடு ஊருக்கு வந்தேன். கூடப் படிக்கும் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "பஸ்ல பாடாதம்மா, மானம் போகுது" என்றேன். "சரிடி" என்றார். அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் பாடவே இல்லை. ஆகவே முதலில் என்னைத்தான் ஏச வேண்டும். ஏசிக்கொண்டாயிற்று. இனி உங்கள் முறை.

கோயிலுக்குக் கீபோர்டு வந்தது. வாசிக்க ஜெரால்டு வந்தார். இரண்டாவது வாரமே, "அம்மா, ஒங்க குரல் இதோட சேர மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்குப் பின்னால உக்காருங்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருஷம் நீண்டது. ஒரே ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடினார், தனக்கு மட்டும் கேட்கும்படி.

ஆனால் பெரிய வியாழன் வந்தால் ஈஸ்டர் பூசை வரை மூன்று நாள் நம் கோயிலில் மணி அடிக்கக் கூடாது, இசைக்கருவியைத் தொடக் கூடாது. அப்போது மட்டும் உங்களுக்கு செபமாலை அம்மாள் ஞாபகம் வரும். வருஷம் தவறாமல் வீட்டுக்கு ஆள் வரும். அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு கிளம்புவார். "வேணாங்கிறப்ப தள்ளிட்டு வேணுங்கிறப்ப கூப்புடுறாக. நீ ஏம்மா போற?" என்று கத்துவேன்.

"அவுகளுக்காகவா போறேன்? பாடப் போறேன்" என்பார்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகளுக்கும் அவர்தான் பாட்டெடுப்பார். வெயிலில் செருப்பில்லாமல் நடந்து தொண்டை கட்டிப்போகும். ஈஸ்டர் பூசையில் மணி அடிக்கும், கீபோர்டு முழங்கும். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வரிசையிலிருந்து எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போவார். அந்த நடையை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. நான் ஒன்பது முறை பார்த்தேன்.

இந்த வருஷம் சிலுவைப்பாதை முடிந்து வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் போனா அந்த மிசினை வைக்காதீகடி. வாயால பாடி அனுப்புங்க. பிசிறடிச்சாலும் பரவால்ல." தனக்கென்று அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அடக்கத்தன்று எங்கள் வாசலில் கீபோர்டு நின்றது. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். "எல்லா அடக்கத்துக்கும் வைக்கிறதுதானேம்மா" என்றார் ஜெரால்டு. நான் போய் வயரைப் பிடுங்கினேன். பெற்றவள் சாவில் ரவுடித்தனம் செய்தாள் என்று ஊரில் பேசுகிறீர்களாம். பேசுங்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பேசுங்கள்.

பாடகர் குழு முழுசாக நின்றது. ஒருவருக்கும் முதல் அடி எடுக்க வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். ஒன்பது பெரிய வெள்ளிக்கு அவர் பின்னால் பாடியவர்கள்தானே? அம்மா பெட்டிக்குள் கிடந்தார், அவருக்குப் பாட ஆளில்லை. கடைசியில், பாடவே வராத நான் எடுத்தேன். சுருதி மேலே போய்விட்டது. இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. அங்கிருந்து பிடித்துக்கொண்டு பாடியவர் ஜெரால்டுதான். அதையும் மறைக்க மாட்டேன். பிறகு எல்லோரும் வந்தீர்கள், கல்லறை வரைக்கும் பிசிறடித்துக்கொண்டே.

அம்மாவின் குரல் எனக்கு வரவில்லை. அவருடைய பொறுமை வரவே இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. யாரும் சுருதி கொடுக்கக் காத்திராமல் முதல் அடியை எடுக்கும் தைரியம் மட்டும் அன்று அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன். வருகிற பெரிய வெள்ளிக்கு எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். நானே வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். ஈஸ்டரன்று கீபோர்டு முழங்கும்போதும் எழுந்து போக மாட்டேன்.