அம்மா பேரில் எடுத்த வாக்குத்தத்தம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபையில் புதுவருட ஆராதனை முடிந்ததும் போதகர் வாக்குத்தத்த அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைப்பார். ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். அதில் வரும் வேதவசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுக்கும் வாக்கு. ஊரில் இல்லாதவர்களுக்கு வீட்டார் எடுக்கலாம். அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்ததால் அவளுக்கும் சேர்த்து நான்தான் எடுத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவின் அட்டையில் களஞ்சியங்கள் நிரம்பி வழியும் என்றிருந்தது. என்னுடையதில், உன்னை இந்த மண்ணுக்கே திரும்ப அழைத்துவருவேன் என்றிருந்தது. எங்கள் ஊர் வட்டவளையைத் தாண்டி எங்கும் போகாத என்னை எங்கிருந்து அழைத்துவருவது? ஆண்டவர் ஆள் மாறிக் கொடுத்துவிட்டார் என்று முடிவுசெய்து, அட்டைகளின் பின்னால் எங்கள் பெயர்களை மாற்றி எழுதினேன். அவருக்கு ஒத்தாசை செய்ததாகத்தான் நினைப்பு.

அம்மா வந்துவிடவேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. முந்தின வாரம் கிறிஸ்மஸ் அன்று அவளும் போனில், "நான் வந்துறவாங்க?" என்று கேட்டு அழுதிருந்தாள். பாஸ்போர்ட் அந்த வீட்டு மேடம் கையில் இருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் கிடந்தது.

புதுவருட மத்தியானம் வாட்ஸ்அப்பில் அம்மா வந்தாள். அப்பா இரண்டு அட்டைகளையும் வாங்கி, அம்மா பெயர் போட்டிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எனக்கு என்ன வந்திருக்கு?"

"ஒங் களஞ்சியமெல்லாம் நெரம்பி வழியுமாம்," என்றார் அப்பா. அது என் பெயரில் இருந்த அட்டை.

"நம்ம அரிசி டின்னு பாதிய தாண்டுனதே இல்ல, இதுல களஞ்சியமா!" என்று அம்மா சிரித்தாள்.

நான் செய்த திருகுதாளத்தை ஆண்டவரே அப்பாவின் வாயால் திருத்திவிட்டார் என்று நம்பினேன். மன்னிப்புக் கேட்டு ஜெபம் செய்தேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அவர் அம்மா பெயர் போட்ட அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஒப்பந்தம் முடிந்துதான் அம்மா வந்தாள். அதுவரை அப்பா தினமும் ஃபேக்டரிக்குப் புறப்படும்போது அந்த அட்டையைச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் புது அட்டை வந்த பிறகும் பழையதை விடவில்லை. என் குற்றத்துக்குச் சாட்சியாக வைத்திருக்கிறார் என்று பயந்தேன். வர வழியில்லாமல் தவிப்பவளிடம் அந்த வசனத்தை வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை என்பதும், அவளுக்கும் சேர்த்து அதை அவர் ஒருவரே நம்பிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.