நூலகத்தில் சொன்ன 'மெரிட்' பொய்

இன்று ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் நூலகத்தில் குழந்தைகளுக்கான பாட்டு நேரம். பக்கத்தில் மகளை மடியில் வைத்தபடி ஒரு மாவோரிப் பெண், இந்த நியூசிலாந்து மண்ணின் பூர்வகுடி. பல்கலைக்கழகப் பேராசிரியராம். மாவோரி அரசியல் அரசின் கொள்கைகளை எப்படி மாற்றியது என்பதுதான் அவர் ஆய்வு.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மெடிக்கல் படிப்புல உங்களுக்குத் தனி சீட்டாமே? அப்போ என் பொண்ணு மாதிரிப் பிள்ளைங்க என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டேன். என் பெண்ணுக்கு ஒன்றரை வயது.

அவர் கோபப்படவில்லை. "நீங்க தமிழ்நாடா? உங்க ஊர் இடஒதுக்கீட்டைப் பத்தி நான் வகுப்புல சொல்லுவேன். உங்க குடும்பத்துக்கு அது உதவுச்சா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இல்லைங்க, நான் மெரிட்ல படிச்சேன்" என்றேன்.

என் இன்ஜினியரிங் சீட் எம்பிசி கோட்டாவில் கிடைத்தது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சாதிச் சான்றிதழுக்காக அப்பா கூலி வேலையை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார். அவரையும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அந்த சீட் இல்லேன்னா நீ எங்க, ஆக்லாந்து எங்க? அடுத்த வாரம் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடு" என்கிறார்.

சொல்லத்தான் வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. என்னைப் போலவே 'மெரிட்'டில் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்களே, யாராவது சொல்லுங்கள்.