அண்ணன் திருப்பூரில் இருக்கிறான்

அண்ணா, உன்னைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். நீ செத்து ஐந்து மாதம் கழித்து அப்பாதான் அனுப்பினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மிளகு பறிக்கப் போய் ஏணியோடு விழுந்தாய். நீ செய்த வண்டிக்கும் உன் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு அது வாசலில் சும்மா நின்றிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை என்றுதான் அப்பா விற்க நினைத்தார். அதில் நான் குறை சொல்லவில்லை.

வாங்க வந்த முதல் ஆள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். சுவரில் மாலை போட்ட உன் படத்தைப் பார்த்து, "இந்தப் பையன் வண்டிங்களா?" என்றான். அம்மா தலையாட்டினாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனவன் போனவன்தான். இரண்டாவது ஆளாவது வாய்விட்டுச் சொன்னான். "வாலிபப் பையன் ஆண்ட வண்டிங்க. ராசி பாக்கோணுமில்லீங்க."

எப்படிச் செய்த வண்டி! அடிவாரத்துக் காயலான் கடையில் கோழி அடைந்து கிடந்த பழைய வேன். மலை பார்க்க வருகிறவர்கள் அதிலேயே படுத்து, சமைத்துச் சாப்பிட்டுப் போகலாம் என்று சொல்லி, அதை லாரியில் வைத்து மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏற்றிக்கொண்டு வந்தாய். "ஊடு கட்றா சாமின்னா, இவன் ஊட்டுக்குச் சக்கரம் மாட்டறான்" என்று பெரியப்பா சொல்ல, ஊரே சிரித்தது. நீ காதில் வாங்கவில்லை. ஐந்து அடுக்குப் பெயிண்டைச் சுரண்டி அடியில் இருந்த வெளிர் நீலத்தைக் கண்டுபிடித்தாய். துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டினாய். மொத்தத் தகரத்தையும் மாற்றச் சொன்ன வெல்டரிடம், "அது பாட்டுக்கு நல்லாத்தானுங்க இருக்குது, அத ஏனுங்க தொந்தரவு பண்றீங்க?" என்றாய். பலாப் பலகையில் கட்டில் செய்தாய். நான் தைத்த திரை கோணலாகப் போனது. பிரிக்கிறேன் என்றேன், நீ விடவில்லை.

மூன்றாவதாகத் திருச்சிப் பக்கமிருந்து ஒருவர் மனைவியோடு வருவதாகச் சொன்னார். அன்று காலையில் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி உன் படத்தைக் கழற்றினார். மாலையை உருவிவிட்டு, சாமை மூட்டைக்குப் பின்னால் வைத்தார். சுவரில் வெள்ளையாக ஒரு கட்டம் தெரிந்தது. அதன்மேல் காலண்டரை மாட்டினார். "கண்ணு, அவிங்க போற வரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்றார். போற வரைக்கும் என்றுதான் சொன்னார்.

வந்தவர் நரைத்த தலைக்காரர், நல்ல மனிதர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தகரத்தைத் தடவினார். கீழே படுத்துப் பார்த்தார். "புதுசு எது, பழசு எதுன்னே தெரியல. யார் செஞ்சது?"

"எம் பையந்தாங்க" என்றார் அப்பா. "திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான்."

குரல் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவரின் மனைவி என்னிடம், "உங்க அண்ணனா? கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பொண்ணு பாத்துட்டிருக்கறாங்க" என்றேன்.

என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, அண்ணா. அதுவாக வந்துவிட்டது. அந்த நேரத்தில் நீ நிஜமாகவே எங்கேயோ வேலைக்குப் போயிருப்பது போல எனக்குச் சுகமாக இருந்தது.

ஆர்சி புக் அப்பா பெயரில் இருந்ததால் உன் கையெழுத்தே தேவைப்படவில்லை. கிளம்பும்போது அவர், "அந்தத் தம்பி நம்பர் குடுங்க, ஒரு வார்த்தை பாராட்டணும்" என்றார். அப்பா திணறினார். நான் உன் நம்பரைச் சொல்லிவிட்டேன். உன் போன் என்னிடம்தான் இருந்தது. "இப்ப ஷிப்ட்ல இருப்பானுங்க, எடுக்க மாட்டான். மெசேஜ் போடுங்க" என்றார் அப்பா.

அவர்கள் போனதும் படத்தை எடுக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும் சாமி. அந்தாளு திரும்பி வந்தாலும் வருவாரு. தெரிஞ்சா வண்டியத் திருப்பி உட்ருவாரு."

"அப்ப எப்பத்தான் மாட்டறது?"

"பாத்துக்கலாம்."

"வருசத் திதி?"

"சத்தமில்லாமக் குடுத்துக்கலாம். ஊருல நாலு பேரு பேசுனா அவரு காதுக்குப் போவும்."

அம்மா அடுப்படியில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். என் பக்கம் பேச அவளாவது இருப்பாள் என்று நினைத்தேன்.

வண்டி வாங்கியவர் உனக்கு மெசேஜ் போட ஆரம்பித்தார். பக்கக் கதவு மழைக்கு இறுகுகிறது தம்பி, என்ன செய்ய? மெழுகுவத்தி தேயுங்க என்று நான் போட்டேன். சரியாகிவிட்டது என்று கைகூப்பும் படம் அனுப்பினார். எங்கெங்கோ வண்டியை நிறுத்தி போட்டோ அனுப்பினார். எல்லாவற்றிலும் அந்தக் கோணல் திரை தெரிந்தது. நீயாக இருந்து நான் பதில் போட்டுக்கொண்டே இருந்தேன். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

போன வாரம் இப்படி வந்தது: "தம்பி, குடும்பத்தோட உங்க ஊர் சிவன் கோயிலுக்கு வர்றோம். உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணணும். ராசி, நட்சத்திரம் அனுப்புங்க. நூறு வயசு நல்லா இருக்கணும்."

அப்பாவிடம் காட்டினேன். "அனுப்பி உடு கண்ணு. அதுல என்ன போவுது?" என்றார். உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்கிற அர்ச்சனை, அண்ணா. பெற்ற பிள்ளையின் நட்சத்திரத்தை அதற்கு அனுப்பு என்கிறார். நான் அனுப்பவில்லை. நீ பேசுவது போலப் பேசி அவருக்கு இனிமேல் ஒரு எழுத்தும் போடமாட்டேன்.

அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி வாங்கிய ஐயா இதைப் படித்தால் வண்டியைத் திருப்பி விட்டாலும் விடட்டும். அப்பா என்னை அடித்தாலும் அடிக்கட்டும். என் அண்ணன் திருப்பூரில் இல்லை. இருபத்தாறு வயதில் செத்துப்போனான். எங்கள் வீட்டில் அவனுக்கு விளக்கு வைக்க இடமில்லை. இதைப் படிக்கிற எல்லாரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், அவன் செத்துப்போனவன் என்று தெரிந்தே அவனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.