பயந்த பால்

என் மகளுக்கு எடை ஏறாத அந்த நாட்களில் யாரையாவது அடித்துவிடுவேன் என்றுதான் திரிந்தேன். கடைசியில் அடித்தேன், என் மாமியாரை.

அச்சங்குளம் பக்கத்தில் எங்கள் வீடு. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். கணவர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டால் வீட்டில் நான், பிள்ளை, அத்தை மட்டும்தான். சீசன் நேரத்தில் சாயங்காலமானால் பொட்டலில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். டமார் என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், அத்தை சொம்போடு வந்து நிற்பார். தாய் பதறினால் பாலும் பயந்துவிடுமாம், அதைக் குடித்தால் பிள்ளைக்கு ஆகாதாம்.

"ஒரு சொட்டு இருக்கப்படாது, பீய்ச்சு."

நான் பீய்ச்சுவது போதாதென்று அவரே பிடித்துப் பிழிவார். மாட்டைக்கூட அப்படிக் கறக்க மாட்டார்கள். வலியில் கண் இருட்டும். பால் வேப்பமரத்துத் தூருக்குப் போகும், பிள்ளைக்குச் சீனித் தண்ணீர். மரம் தளதளவென்று நின்றது. என் மகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

எடை பார்த்த நர்ஸ் என்மேல் எரிந்து விழுந்தார். "குடிக்கிற பாலைக் கீழ ஊத்துனா எடை எங்கிட்டு ஏறும்? பயந்தா பால் கெடாது. இப்படியே விட்டீகன்னா பிள்ளை தாங்காது."

அன்று சாயங்காலம் வெடித்தது சாம்பிள் அல்ல. தரை குலுங்கி, ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கட்டிலில் விழுந்தது. தெற்கே கரும்புகை. மார்பிலிருந்த பிள்ளை வீறிட்டாள். மறுபடி காம்பை வாயில் வைத்தேன். அத்தை பாய்ந்து வந்து அவள் காலைப் பிடித்து இழுத்தார்.

"கொல்லப் போறியாடி? விடு!"

பிள்ளை கவ்வியபடியே இழுபட்டாள். காம்பு கிழிந்து ரத்தம் வந்தது. ஓங்கி அறைந்தேன். சுவரில் மோதி விழுந்தவர் எழுந்து என் முடியைப் பிடித்தார். பிள்ளையை இறுக்கிக்கொண்டு எட்டி மிதித்தேன்.

"கிட்ட வந்தீகன்னா கொன்னுருவேன்!"

செய்திருப்பேன். அந்த நேரம் அவர் எனக்கு மனுஷியாகவே தெரியவில்லை.

அத்தை சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "எம் மூத்தவன் இப்படித்தாண்டி போனான். வெடிச்ச அன்னைக்குப் பால் குடுத்தேன், விடியறதுக்குள்ள போயிட்டான். நாந்தேன் குடுத்துக் கொன்னேன்."

கணவருக்கு ஓர் அண்ணன் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். ஆனாலும் இரக்கம் வரவில்லை. வெளியே ஆம்புலன்ஸ்கள் அலறிக்கொண்டு ஓடின. என் மகள் ரத்தமும் பாலுமாக வயிறு முட்டக் குடித்தாள்.

அதன்பிறகு எந்த வெடிக்கும் சொம்பு வரவில்லை. அடுத்த முறை எடை பார்க்க அத்தையும் கூட வந்தார். அவர் கன்னத்து வீக்கம் இன்னும் முழுதாக வற்றவில்லை.

"நல்லா ஏறிருச்சும்மா" என்று நர்ஸ் சிரித்தார். "தாய்ப்பால் பிள்ளைய ஒண்ணும் செய்யாது, பாத்தீகளா?"

அத்தை சிரிக்கவில்லை. எடை மெஷினில் கை காலை உதைத்துக்கொண்டிருந்த பேத்தியையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப எம் மூத்தவன் எதுலடி போனான்?" என்று கேட்டார்.