பதினாறு கட்டத்துக்குள் ஒரு ரன்னர்

ஜிப்பக்காவிடம் பொய் சொல்லித் தப்பித்தவர் எங்கள் கட்டிடத்தில் யாரும் கிடையாது. பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, "தானா விட்டுப்போச்சுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அவள் ஜிப்பின் பற்களை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பாள். "தானாவா? மேல ஏறி உக்காந்து மூடினீங்களா, இல்லையா?" என்பாள். வந்தவர் அசடு வழிய, "நான் இல்ல, என் வீட்டுக்காரர்" என்பார். "அவரையும் கூட்டிட்டு வாங்க, எடை போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே பழைய தையலைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

பையும் பெட்டியும் பழுது பார்ப்பது அவள் தொழில். கடை தரைத்தளத்தில். அதற்கு நேர் மேலே முதல் மாடியில் நான் சின்னச் சின்ன கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன். பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல், பூட்டு சரிசெய்பவர் என்று என் பிழைப்பு ஓடுகிறது. அவள் என்னைக் கம்ப்யூட்டரம்மா என்பாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பத்தெட்டு. ஆனாலும் நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தெருவுக்கே அவள் அக்கா.

அவளுக்குச் சொந்தத் தங்கை ஒருத்தி உண்டு. சின்னவள் என்போம். அவள் வேலை பார்த்த அலுவலகத்தை ஏழு வருடத்துக்கு முன்னால் இழுத்து மூடிவிட்டார்கள். அழுதுகொண்டு வந்து நின்றாள். கடையோ ஒடுக்கம், இன்னொரு நாற்காலி போட இடமில்லை. ஜிப்பக்கா மறுபேச்சுப் பேசவில்லை. தன் வேலை மேசையை ஆளைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னாள். பாதி மேசை போய் அங்கே தங்கைக்கு ஒரு நாற்காலியும் கம்ப்யூட்டரும் வந்தன. அன்றிலிருந்து பெரிய பெட்டிகளைத் தரையில் வைத்துக் குனிந்துதான் அக்கா தைக்கிறாள். இடுப்பு போய்விட்டது. இனியும் குனிந்தால் நிமிர முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சின்னவளையும் குறை சொல்ல முடியாது. போன் எடுப்பது, வாடிக்கையாளரைச் சமாளிப்பது, இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள்தான், கெட்டிக்காரி. ஊசியில் நூல் கோக்க மட்டும் தெரியாது.

இந்த நிலையில்தான் ஒரு டிராவல் கம்பெனி வந்தது. சுற்றுலா போகிறவர்களின் பெட்டி வழியில் உடைந்தால் கம்பெனியே சரிசெய்து கொடுக்குமாம். அதற்கு நிரந்தரமாக ஒரு கடை தேடினார்கள். "இது மட்டும் கெடைச்சா பின்னாடி ரூமையும் எடுத்துடலாம். முழு மேசை போட்டு, கூட ஒரு ஆளும் வெச்சுக்குவேன். குனியறத விட்டுடுவேன்" என்று ஜிப்பக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அந்த வேலையில் அவளுடைய இடுப்பே அடங்கியிருந்தது.

கம்பெனி மேலாளர் ஒருநாள் போனில் சலித்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல முப்பது கடையோட சைட்டை முப்பது டேப்ல திறந்து வெச்சிருக்கேங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டிப் படம் இருக்கு. உங்களதுல மட்டும் சாம்பல் கலர்ல ஒரு உருண்டை. தேடித் தேடி கண்ணு வலிக்குது."

குற்றவாளி நான்தான். அந்த இணையதளத்தைச் செய்தபோது அந்தக் குட்டிப் படத்தை, அதாவது ஐகானை, வைக்காமல் விட்டுவிட்டேன். "பத்து நிமிஷம் குடுங்க, கடைப் பேரோட முதல் எழுத்தைப் போட்டுடறேன்" என்றேன் ஜிப்பக்காவிடம்.

"என் கடை மூஞ்சிய நீங்க எதுக்கு வரையணும்? எத்தனை இடம் இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

"குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே பதினாறு கட்டம். அவ்வளவுதான்."

கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் கலர் பென்சிலும் வாங்கி வந்துவிட்டாள். முதலில் முழுப் பெட்டியை வரைந்தாள்: சக்கரம், கைப்பிடி, பூட்டு, பூட்டில் சாவித் துளைகூட. கம்ப்யூட்டரில் ஏற்றிச் சின்னதாக்கிக் காட்டினேன். "என்னம்மா இது, செருப்புல நசுங்கின கரப்பான் மாதிரி இருக்கு?" என்று அவளே சிரித்தாள். சக்கரம் போனது, பூட்டு போனது, கடைசியில் பெட்டியும் போனது. மிஞ்சியது ஒரு ரன்னர், ஜிப்பில் ஏறி இறங்குமே, அந்த இழுப்பான்தான். கருநீலப் பின்னணியில் மேலே நாலு பல், கீழே தொங்கும் ஒரு நாக்கு. அதன் துளைக்கு ஒரேயொரு வெள்ளைக் கட்டம். அந்தக் கட்டத்தை நடுவில் வைக்காமல் ஒன்று தள்ளி இடப்பக்கம் வைத்தாள்.

"நடுவுல இல்லையே?" என்றேன்.

"கடையில விக்கிற ரன்னர்தான் நேரா தொங்கும். உழைக்கிற ரன்னர் ஒரு பக்கம் சாஞ்சுதான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை மதியம் சின்னவளும் மாடிக்கு வந்தாள். அதுவரை நாக்கு மஞ்சளாக இருந்தது. அவள் அக்காவின் தோளில் மோவாயை வைத்துத் திரையைப் பார்த்து, "சிவப்பு போடுக்கா, பளிச்சுன்னு தெரியும்" என்றாள். சிவப்பு போட்டோம். உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. படத்தை ஐகான் ஃபைலாக மாற்றி, இணையதளத்தின் முதல் பக்கம் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டேன். அங்கே வைத்துவிட்டால் போதும், பிரவுசர் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பக்கத்தைத் திறந்ததும் டேப்பின் ஓரத்தில் அந்தக் குட்டி ரன்னர் வந்து உட்கார்ந்தது. ஜிப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "நம்ம கடைக்கு மூஞ்சி வந்துடுச்சுக்கா" என்று சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம். சின்னவள் பென் டிரைவோடு வந்தாள். "சைட் முழுசையும் ஒரு காப்பி போட்டுக் குடுங்க மேடம். பத்திரமா இருக்கட்டும்னு அக்கா சொன்னா." ஃபோல்டரை அப்படியே போட்டுக் கொடுத்தேன். கீழே இறங்கி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பன்னிரண்டே படி. ஏன் கேட்கவேண்டும், அவள் தங்கைதானே என்று இருந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை காலை மேலாளர் நேரில் வரச் சொன்னார். சின்னவளுக்குத் தலைவலியாம். கம்ப்யூட்டர் விஷயம் ஏதாவது கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்று ஜிப்பக்கா என்னைக் கூட்டிப்போனாள். துவைத்துத் தேய்த்த உடையும், தானே தைத்த தோல் பையுமாக அவள் வந்ததைப் பார்த்துப் பெண் பார்க்கப் போகிறோமா என்று கேலி செய்தேன்.

மேலாளர் நல்ல மனிதர். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இப்ப ஈஸியா இருக்குங்க, சிவப்பா கண்ணுல படுது. ஆனா ரெண்டு இருக்கே? ரெண்டும் உங்க கடைதானா?"

வரிசையாக டேப்கள். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரன்னர். இரண்டிலும் நாக்கு சிவப்பு, இரண்டிலும் வெள்ளைக் கட்டம் ஒன்று இடப்பக்கம் தள்ளி.

அவர் இரண்டாவதை அழுத்தினார். வேறு கடைப் பெயர், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு முகவரி. போன் நம்பர் சின்னவளுடையது. "உங்கள் பயணம் பாதியில் நிற்க வேண்டாம்" என்ற வரி நான் இந்தக் கடைக்காக யோசித்து எழுதியது. கீழே படம்: தோலைப் பிடித்திருக்கும் ஒரு கை, கட்டைவிரல் நகம் கருத்தது. அந்தக் கைதான் என் பக்கத்து நாற்காலியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும் போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் ஜிப்பக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமாங்க. அது என் தங்கச்சிதான்" என்றாள்.

மேலாளருக்குச் சந்தோஷம். "அப்ப ஒரே குடும்பம்தான். அவங்க நேத்தே விவரமெல்லாம் அனுப்பிட்டாங்க. எந்தப் பெட்டியா இருந்தாலும் ரெண்டே நாள்ல முடிச்சுத் தர்றதா எழுதியிருக்காங்க. எங்க வண்டி நிக்கிற இடத்துக்கும் பக்கம். ஆர்டரை அவங்க பேர்லயே போட்டுடறேன், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க. வீட்டுக்குள்ளதானே" என்றாள் ஜிப்பக்கா.

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "ஏன்க்கா வாயில கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? கூடப்பொறந்தவ திருடின்னு முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட சொல்றதா?" தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். பிறகு, "அந்தக் காப்பி அவளுக்கு எப்படிக் கெடைச்சுது?" என்றாள்.

சொன்னேன். பென் டிரைவ், அவள் பெயரைச் சொல்லிக் கேட்டது, நான் கேள்வி கேட்காமல் கொடுத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"எப்போ குடுத்தீங்க?"

"சனிக்கிழமை மத்தியானம்."

நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள். "போன மாசம் ஒரு தடவை அவளைத் திட்டிட்டேன். அந்தக் கோவத்துல அப்பவே எடுத்திருப்பான்னு நெனைச்சேன். கோவத்துல செஞ்சிருந்தா பொறுத்துக்கலாம்னு நெனைச்சேன். வெள்ளிக்கிழமைதானே படத்தை ஏத்தினோம்? என் தோள்மேல சாஞ்சுக்கிட்டு சிவப்பு போடச் சொன்னாளே. அப்பவே அவ மனசுல இது இருந்திருக்கு." என்றாள். யாராவது ஒரு அந்நியன் செய்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சபித்துவிட்டுப் போயிருப்போம்.

கடையில் சின்னவள் தலைவலி எதுவும் இல்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு டேப்பையும் பார்த்துட்டு வர்றேன். ரெண்டுலயும் என் ரன்னர் இருக்கு" என்றாள் ஜிப்பக்கா.

சின்னவள் சட்டென்று திரும்பித் தன் புதுக் கடையின் பக்கத்தைத் திறந்தாள். டேப்பின் ஓரத்தை உற்றுப் பார்த்தாள். "சே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பேரு, அட்ரஸ், நம்பர் எல்லாத்தையும் மாத்தினேன். இது ஒண்ணு எப்படி விட்டுப்போச்சு?"

செய்ததற்கு வருத்தமில்லை, விட்டுப்போனதற்குத்தான் வருத்தம். எனக்குக் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குக் கண் கலங்கியது. "ஏழு வருஷமா எல்லாரும் உன் கடைன்னுதான்கா சொல்றாங்க. எனக்குன்னு ஒண்ணு வேணாமா? கேட்டா நீ விடமாட்டே."

"கேட்டுப் பார்த்தியா?"

சின்னவள் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, வேலை உனக்குத்தான் கெடைச்சிருக்கு. ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றேன்னு எழுதியிருக்கியாம். உனக்கு ஒரு பொத்தான் தைக்க வராது. யாரு முடிக்கிறது?" என்று ஜிப்பக்கா கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் உண்மையான ஆச்சரியம் தெரிந்தது.

"நீதான் இருக்கியேக்கா" என்றாள்.

தரையில் ஒரு பெரிய பெட்டி பாதித் தையலோடு கிடந்தது. ஜிப்பக்கா அதைத் தாண்டிப் போய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள். விளக்கையும் அணைத்தாள்.

"எந்திரி. கடையைச் சாத்தணும்" என்றாள்.

மணி அப்போது பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை.