வயிற்றைக் கீறியவர்கள்

புதூர் பக்கத்துக் கரிசல் காட்டில் ஆடு மேய்த்த பாலம்மாள், செய்யாத களவை ஒப்புக்கொண்டவள். ஏன் ஒப்புக்கொண்டாள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

1958. மழை பொய்த்து இளஞ்சோளம் வாடிக் கிடந்தது. வாடிய சோளக் குருத்து ஆட்டுக்கு நஞ்சு. அந்த நேரம் பார்த்து அவளுடைய கிடாய் ஒன்று செண்பகராஜின் வரப்பில் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது.

"ஏட்டி, என் சோளத்தக் களவா மேய்ச்சிருக்க. அதான் செத்திருக்கு" என்றார் செண்பகராஜ். ஊரில் பாதி நிலம் அவருடையது. அவர் களவு என்றால் ஒரு தரிசிலும் அவள் ஆடு வாய்வைக்க முடியாது.

"இல்ல மொதலாளி. மூக்குல கறுத்த ரத்தம் ஒறையாம ஒழுகுது, பாருங்க. இது அடைப்பான்."

"அப்ப வயித்தக் கீறு. சோளம் இருக்கான்னு பாத்துருவோம்."

"கீறக் கூடாது, முழுசாப் பொதைக்கணும்னு கால்நடை இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்காவ."

"பொதச்சா களவும் சேந்து பொதஞ்சிரும்லா! வெவரமானவதான்."

வேடிக்கை பார்க்கக் கூடிநின்ற கூட்டம் சிரித்தது.

இன்ஸ்பெக்டர் சொன்னதில் மந்திரம் இல்லை. அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமி இடம் பார்த்து நடக்கும். உயிருள்ள உடம்புக்குள் உறை போர்த்திக்கொண்டு நஞ்சு சுரக்கும். செத்த உடலை அறுத்து ரத்தத்தில் காற்றுப் பட்டால் அந்த வேலையை நிறுத்திவிட்டு, விதைபோல இறுகி மண்ணில் பல வருசம் காத்திருக்கும். மேயும் மாட்டின் உடம்புக்குள் போனதும் மறுபடி நஞ்சு. அறுக்காமல் புதைத்தால் பெரும்பாலும் உள்ளேயே அழிந்துவிடும்.

பாலம்மாள் மற்ற ஆடுகளைப் பார்த்தாள். "சரி, மேய்ச்சேன்னே வச்சிக்கிடுங்க. பொதைக்க விடுங்க."

ரத்தம் ஒழுகிய மண்ணையும் சுரண்டிக் குழியில் போட்டு மூடினாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓட்டப்பிடாரம் பக்கம் போய்விட்டாள்.

அவள் போனதும் குழியைத் தோண்டச் சொன்னார் செண்பகராஜ். தோலை ஏன் விட வேண்டும்? கீறியவன் அவருடைய பண்ணையாள் கருத்தையா. வயிற்றில் காய்ந்த புல்தான் இருந்தது. "வாய மூடுலே" என்றார் முதலாளி. கையில் கறுத்த புண் வந்து மாசக்கணக்கில் கிடந்தவனும் கருத்தையாதான்.

அடுத்த வருசம் மழைக்குப் பிறகு அங்கே மேய்ந்த செண்பகராஜின் உழவு மாடுகள் சோடியாகச் செத்தன. பாலம்மாள் செய்வினை வைத்துவிட்டாள் என்று ஆள் அனுப்பி அவளைக் கூட்டிவந்து ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினார்கள். படித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கருத்தையாவின் கையில் இருந்த கறுத்த தழும்பைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: "வயித்தக் கீறிப் பாத்தீங்கள்லா? சோளம் இருந்துச்சா? அத மட்டும் சொல்லுங்க."

கருத்தையா வாயைத் திறந்தான். செண்பகராஜ் அவனைப் பார்த்தார். மூடிக்கொண்டான்.